மாட்டுக்குச் சினை நிற்காத ஊரில் கருமுட்டை ஆராய்ச்சி எதற்கு?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடிக்கப் போகிறாள். மேற்படிப்புக்குக் கால்நடை இனப்பெருக்கமும் செல் உயிரியலும்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். "நம்ம வீட்டு மாட்டுக்கே மூணு தடவை சினை ஊசி போட்டும் நிக்கல. இவ ஆய்வகத்துல கருவை உண்டாக்கி யாருக்கு என்ன ஆகப்போகுது? முப்பது வருஷம் அங்க என்னதான் செய்வா?" என்பது அவர் கேள்வி. ஐயா, வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலையில் சின்னப் பங்குதான் என்று படுகிறது. ஆய்வகத்துத் தட்டில் வளரும் கருவுக்கும் உங்கள் கொட்டகையில் நிற்கும் மாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். உண்டு. இந்தத் துறையில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில் அந்தத் தொடர்பிலிருந்தே தொடங்குகிறேன்.

பசுவின் சினைப்பையில் ஒவ்வொரு கருமுட்டையும் ஃபாலிக்கிள் என்னும் நீர்க்கொப்புளத்துக்குள் வளர்கிறது. மில்லிமீட்டருக்கும் குறைவான கொப்புளம் முற்றி வெடித்து முட்டையை வெளியே விட 40 நாளுக்கு மேல் பிடிக்கும். அந்த நாட்களில்தான் முட்டை தனக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்து வைக்கிறது. விந்தணு சேர்ந்து கரு உண்டான பிறகும், 8 செல்லிலிருந்து 16 செல் ஆகும் கட்டம் வரை மாட்டுக் கரு பெரும்பாலும் தாய் முட்டையில் சேர்த்து வைத்த சரக்கைக் கொண்டே ஓடுகிறது. அதன் பிறகே கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலையை எடுத்துக்கொள்கின்றன. சேமிப்பு குறைவான முட்டையும் கருவாகும்; நாலைந்து நாள் பிரிந்து வளரும்; அப்புறம் நின்றுவிடும். சித்திரைக் கத்திரி வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மாடு, வெயில் தணிந்து ஆடியில் நன்றாகத் தெளிந்த பிறகும் சினை நிற்காமல் போவதற்கு இது ஒரு காரணம். வெயிலில் வெந்தது அப்போது சிறிதாக இருந்த முட்டை. அது வெளியே வருவது இரண்டு மாதம் கழித்து. ஆய்வகத்தில் கருமுட்டையை வளர்த்துப் பார்த்தவர்களால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. மாட்டை வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது.

உங்கள் மாட்டைப் பார்க்காமல் நோய் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பார்த்துக் குறிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு முறை பருவத்துக்கு வந்த தேதி. ஊசி போட்டு 18லிருந்து 24 நாளுக்குள் மறுபடி கத்தினால், கரு உண்டாகவே இல்லை, அல்லது உண்டாகி இரண்டு வாரத்துக்குள் போய்விட்டது என்று பொருள். கரு 15லிருந்து 17 நாளுக்குள் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, 'நான் இருக்கிறேன்' என்று கருப்பைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் மாடு வழக்கம்போல் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். 35 நாள், 45 நாள் கழித்துப் பருவத்துக்கு வந்தால் இரண்டில் ஒன்று: நடுவில் ஒரு பருவத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது கரு கொஞ்சம் வளர்ந்து பிறகு அழிந்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. தேதி எழுதி வைத்திருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது நேரம். காலையில் வழும்பு கண்ணாடிபோல் ஒழுகினால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. பருவ அறிகுறி அடங்கி ஏறத்தாழ 10லிருந்து 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வருகிறது என்பதால் இந்தக் கணக்கு. உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழலான உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து இளக்க வேண்டும். சட்டைப்பையிலோ உள்ளங்கையிலோ வைத்து இளக்கினால் விந்தணுவின் உயிர்ப்பு குறையும். கால் மில்லி குச்சியில் 20 மில்லியன் விந்தணு இருக்க வேண்டும், இளக்கிய பின் பாதியாவது நீந்த வேண்டும் என்பது இந்தியாவின் தரவரையறை. வழும்பு கலங்கியோ சீழ் கலந்தோ இருந்தால் அந்தச் சுற்றில் ஊசி போடாமல் கருப்பைக்கு வைத்தியம் பார்ப்பதே சரி. தீவனமாக வைக்கோலை மட்டும் நம்பும் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நெல் வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. இருக்கும் கால்சியத்தையும் அதிலுள்ள ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும். தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொஞ்சம் பசுந்தீவனமும் இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்துப் பார்க்காமல் மாட்டைக் குறை சொல்லக்கூடாது. மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்கு நான்காவது ஊசியைவிட, கையை உள்ளே விட்டோ ஸ்கேன் வைத்தோ சினைப்பையைச் சோதிப்பது அவசரமான வேலை.

இனி உங்கள் மகள் அங்கே என்ன செய்வாள் என்பதற்கு வருகிறேன். ஆய்வகத்தில் கரு உண்டாக்குவது ஏறத்தாழ ஒன்பது நாள் வேலை. இறைச்சிக்கூடத்திலிருந்து சினைப்பைகள் வெதுவெதுப்பான உப்புநீரில், கிருமிக்கொல்லி மருந்து சேர்த்து, தெர்மாஸ் குடுவையில் வரும். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். 2லிருந்து 8 மில்லிமீட்டர் வரையுள்ள கொப்புளங்களை 18 கேஜ் ஊசியால் உறிஞ்சி எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, சுற்றிலும் துணைச்செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கும் முட்டைகளை மட்டும் பொறுக்குவார்கள். துணைச்செல் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் முட்டை உதவாது. பொறுக்கியவற்றை ஹார்மோனும் சீரமும் கலந்த வளர்ப்புத் திரவத்தின் சிறு துளிகளில், மேலே கனிம எண்ணெய் ஊற்றி மூடி, 38.5 டிகிரி வெப்பமும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்ஸைடும் உள்ள இன்குபேட்டரில் 24 மணி நேரம் முதிர விடுவார்கள். பிறகு ஹெப்பாரின் கொடுத்துத் தயார்படுத்திய விந்தணுவோடு சேர்த்து 18 மணி நேரம். அதன் பின் துணைச்செல்களை நீக்கி வேறு திரவத்துக்கு மாற்றினால், இரண்டாம் நாள் முடிவில் செல் பிரிந்திருக்கும். ஏழாம் நாள், நடுவில் நீர் நிறைந்த உருண்டை தெரியும். அதற்குப் பெயர் பிளாஸ்டோசிஸ்ட். அந்தக் கட்டத்தில்தான் வாடகைத் தாய்ப்பசுவின் கருப்பைக்குள் வைப்பார்கள், அல்லது உறைய வைப்பார்கள். உயிருள்ள நல்ல பசுவிலிருந்தே முட்டை எடுக்க வேண்டுமானால், ஸ்கேன் கருவியோடு இணைந்த ஊசியைப் பிறப்புறுப்பு வழியே செலுத்தி உறிஞ்சுவார்கள். பசுவுக்குத் தண்டுவடத்தையொட்டி லேசாக மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும்.

எழுதினால் ஒரு பத்தி. செய்தால் ஒவ்வொரு அடியிலும் கெடும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் இரவில் தீர்ந்துபோனால் திரவத்தின் காரத்தன்மை ஏறி, காலையில் அத்தனை முட்டையும் கருத்துச் சுருங்கியிருக்கும். பழைய எண்ணெய் சிக்கு ஏறியிருந்தால் கரு நான்கு செல்லில் நிற்கும். தரையைப் பினாயில் போட்டுத் துடைத்தாலும், பக்கத்து அறைக்குப் பெயின்ட் அடித்தாலும் அந்த ஆவி எண்ணெயில் கரைந்து கருவைக் கொல்லும். காரணம் புரியாமல் மாதக்கணக்கில் திண்டாடும் ஆய்வகங்கள் உண்டு. விந்தணு அடர்த்தி கூடிவிட்டால் ஒரே முட்டைக்குள் இரண்டு மூன்று விந்தணு புகுந்து, கரு பிரிவதுபோல் பிரிந்து வீணாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டில் பூஞ்சை பிடிக்கும். எருமை முட்டையில் கொழுப்புத் துளிகள் மிகுதி; உறைய வைத்தால் எளிதில் கெடும். எருமைச் சினைப்பையிலிருந்து கிடைக்கும் நல்ல முட்டைகளும் பசுவைவிடக் குறைவு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: 100 பசு முட்டையில் 80, 90 முதிரும், 70, 80 பிரியும், 30 அளவுக்குப் பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். அந்த முப்பதையும் முப்பது பசுக்களில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு சினை நிற்கும். மீதி 70 முட்டை எங்கே, ஏன் நின்றது என்று தேடுவதுதான் இந்தத் துறையின் ஆராய்ச்சி. உங்கள் மாட்டுக்கு ஏன் நிற்கவில்லை என்ற கேள்வியும் அதே கேள்விதான். ஆய்வகத்தில் அதைக் கண்ணால் பார்த்துத் தேட முடிகிறது.

இதில் செல் உயிரியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உறைவிந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரன் செயற்கைக் கருவூட்டலை இந்தியாவில் தொடங்கினார். அன்று விந்தை எடுத்த சூட்டோடு பயன்படுத்தியாக வேண்டும். 1949இல் பிரிட்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் சேர்த்தால் விந்தணு உறைந்தும் உயிர் பிழைக்கும் என்று கண்டுபிடித்த பிறகுதான், எங்கோ உள்ள காளையின் விந்து திருத்துறைப்பூண்டி மாட்டாஸ்பத்திரியின் திரவ நைட்ரஜன் குடுவைக்கு வர முடிந்தது. உறையும்போது செல்லுக்குள் பனிப்படிகம் உண்டாகி சவ்வைக் கிழிப்பதைத் தடுப்பதே அங்கே நடந்த விஷயம். ஒரு ஆட்டின் உடல்செல்லிலிருந்து குளோனாக, அதாவது நகலாக உருவான டாலி ஆட்டுக்குட்டியிலும் அப்படித்தான். 1996 ஜூலை 5ஆம் தேதி அது பிறப்பதற்கு முன், உடல்செல்லின் உட்கருவை முட்டைக்குள் வைக்கும் முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. அந்தக் குழுவில் கீத் கேம்பெல் செல் சுழற்சியைப் படித்தவர். வளர்ப்புத் திரவத்தில் சீரத்தை 10 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்து ஐந்து நாள் பட்டினி போட்டால் செல் பிரிவதை நிறுத்தி அமைதிக்குப் போகும். அந்த நிலையில் எடுத்தால் முட்டையோடு ஒத்துப்போகும் என்பது அவருடைய சிந்தனை. அப்படியும் 277 முயற்சியில் 29 கரு, 29இல் ஒரே ஒரு குட்டி.

நம் நாட்டில் கர்னாலிலுள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் சோதனைக்குழாய் முறையில் எருமைக் கன்று பிறக்கச் செய்தது. 2009 பிப்ரவரியில் அங்கே பிறந்த முதல் குளோன் எருமைக் கன்று சில நாளில் இறந்தது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா இரண்டு ஆண்டு வாழ்ந்தது. 2010இல் பிறந்த இரண்டாம் கரிமா 2013இல் இயல்பாகக் கன்று ஈன்றது. 2023 மார்ச்சில் கிர் இனக் குளோன் கன்று பிறந்தது. இவை உண்மையான சாதனைகள். ஆனால் குளோன் செய்யும் ஆசையில் மட்டும் இந்தத் துறைக்குள் வருபவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. உத்தி பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும். கையில் ஒரு கேள்வி இருப்பவர்தான் முப்பது ஆண்டு நிற்பார்.

டெல்டாவில் அப்படிப்பட்ட கேள்விக்குப் பஞ்சமில்லை. முதலில் உம்பளச்சேரி மாடு. நாகப்பட்டினம் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய இந்த இனம் சேற்றுழவுக்கென்றே வாய்த்தது. குட்டைக்கால், கெட்டிக் குளம்பு, பிறக்கும்போது செம்பழுப்பு, ஆறு மாதத்தில் சாம்பல் நிறம். கொம்பைத் தீய்த்து விடுவதால் மொட்டை மாடு என்றும் பெயர். உழவு டிராக்டருக்குப் போன பிறகு, நாளுக்கு இரண்டு லிட்டர் அளவில் கறக்கும் மாட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? கொருக்கை அரசுப் பண்ணையில் இனத்தைப் பேணுகிறார்கள். இனம் தேய்வதற்கு ஆய்வகம் மாற்று ஆகாது. மாட்டை வளர்ப்பவருக்கு வருமானம் இருந்தால்தான் இனம் நிற்கும். அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் காப்பீடாக ஆய்வகம் செய்யக்கூடியது நிறைய. பல வழியில் வந்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத காளைகளின் விந்தை உறைய வைப்பது முதல் வேலை, செலவும் குறைவு. அடுத்தது கரு. மூன்றாவது காதுத்தோல்: கடலை அளவு துண்டை வெட்டி, 70 விழுக்காடு ஆல்கஹாலில் கழுவி, ஒரு மில்லிமீட்டர் துணுக்குகளாக்கித் தட்டில் ஒட்ட வைத்து, 10 விழுக்காடு சீரம் கலந்த திரவம் ஊற்றினால், ஒரு வாரத்தில் ஓரத்திலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வரும். அவற்றை ட்ரிப்சினால் பிரித்து, 10 விழுக்காடு டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு சேர்த்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போடலாம். சேற்றில் நிற்கும் மாட்டின் காதில் பூஞ்சை வித்து நிறைந்திருக்கும் என்பதால், மயிரை மழித்து இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால் தட்டு முழுவதும் பூஞ்சைதான் வளரும்.

இந்தச் சேமிப்பிலும் இடம் முக்கியம். திரவ நைட்ரஜன் குடுவைக்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிரப்ப வண்டி வந்தாக வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கம் சாலையும் மின்சாரமும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஒரே கொட்டிலில் எல்லா மாதிரியையும் வைக்கக்கூடாது; பாதியைத் தொலைவிலுள்ள இன்னொரு நிலையத்தில் வைப்பதே பாதுகாப்பு. காதுச்செல்லை வைத்து இனத்தையே மீட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளோன் செய்தால் கொடுத்த மாட்டின் நகல் கிடைக்கும், புதிய கலப்பு கிடைக்காது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவும் முட்டை தந்த பசுவுடையதாகவே இருக்கும்.

உறுதியானது எது, இன்னும் துறைக்குள் தீராதது எது என்பதையும் உங்கள் மகள் பிரித்தறிய வேண்டும். முட்டையின் தரம் கருவின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது உறுதி. வெப்பம் முட்டையைக் கெடுக்கும் என்பதும் உறுதி. ஆனால் ஒரு முட்டையைக் கெடுக்காமல் பார்த்து 'இது கன்றாகும்' என்று சொல்லும் வழி இன்னும் கிடைக்கவில்லை. பார்வைக்கு அழகான பிளாஸ்டோசிஸ்டும் பாதிக்கு மேல் சினை நிற்பதில்லை. ஆய்வகக் கருவிலிருந்து சில கன்றுகள் அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறப்பது தெரிந்ததே. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று காட்டும், மரபணுக்களின் மேலுள்ள குறிகள் தட்டில் வளரும்போது மாறுவது அதற்கு ஒரு காரணம் என்பதற்கும் சான்று உண்டு. எந்தத் திரவத்தில் எவ்வளவு மாறும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆய்வகக் கருவைச் சிறு விவசாயியின் வீட்டு மாட்டில் வைப்பது செலவுக்குத் தகுமா என்பதும் திறந்த கேள்விதான். உங்கள் மாட்டுக்கு இன்றைக்கு அது தீர்வு என்று சொல்ல மாட்டேன். அதே மாட்டுக்கு ஒழுங்காக இளக்கிய குச்சியும் சரியான நேரமும் நூறு மடங்கு பயன் தரும்.

படிப்பு வழி எளிது. இளநிலைப் பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு முதுநிலை, மூன்று ஆண்டுக்குக் குறையாத முனைவர் பட்டம். சினையும் ஈற்றும் பற்றிய ஈனியல் துறையில் சேர்ந்தால் மாட்டையும் பார்ப்பாள், கருவையும் பார்ப்பாள். உயிர்த்தொழில்நுட்பத் துறையில் செல்லும் மரபணுவும்தான் மிகுதி, மாடு குறைவு. அவளுக்குக் கருமுட்டையில் ஆசை என்றால் முதுநிலையை ஈனியலில் முடித்து, முனைவர் பட்டத்துக்குக் கர்னால், பரேலியை அடுத்த இஸாத்நகரின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் என்று போவது நல்லது என்பது என் எண்ணம். பிறகு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர், அல்லது வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் வழியே விஞ்ஞானி. இரண்டும் கிடைக்காத காலத்தில் அரசுக் கால்நடை மருத்துவர் வேலைக்கு முயல அவள் பட்டமே தகுதி. இந்தத் துறைக்கு அது பெரிய பலம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் சில நேர்க்கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். சினைப்பை எங்கிருந்து வரும், எத்தனை மணி நேரத்தில், வாரத்தில் எத்தனை நாள்? இன்குபேட்டருக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா? நடப்பிலுள்ள ஆராய்ச்சித் திட்டத்தின் பணம் எந்த ஆண்டு முடிகிறது? போன மாணவர் எத்தனை சதவீதம் பிளாஸ்டோசிஸ்ட் பெற்றார், அவருடைய குறிப்பேட்டைப் பார்க்கலாமா? குறிப்பேட்டைக் காட்டத் தயங்கும் ஆய்வகத்தில் சேர வேண்டாம். முதல் ஆறு மாதம் ஒன்றும் வளராது என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால் படிப்பு பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உடம்பு விஷயம் ஒன்று. கருச்சிதைவான மாட்டையும் நஞ்சுக்கொடியையும் கையுறை இல்லாமல் அவள் தொடக்கூடாது. புரூசெல்லா கிருமி அந்த வழியாக மனிதருக்கு வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் படுத்தும். தோள் வரை நீளும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் கட்டாயம். உங்கள் வீட்டில் கிடேரிக் கன்று பிறந்தால் நாலு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் புரூசெல்லா தடுப்பூசி போட்டுவிடுங்கள். தடுப்பூசியின் நுண்ணுயிர் உயிருள்ளது என்பதால் போடுகிறவரும் கையுறையோடுதான் போட வேண்டும். இப்போது நிற்காத அந்த மாட்டை அடுத்த பருவத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது மூன்று ஊசியின் தேதியையும், கடைசி ஈற்றின் தேதியையும், அப்போது நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா கையால் எடுத்தார்களா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.